இஞ்சின் பக்கத்து யன்னல்

புளியங்கூடல் வல்லிபுரத்தாருக்கு அறுபத்தாறு வயது. போன ஆடி வரைக்கும் விமானத்தில் காலே வைத்ததில்லை. ஆனால் விமானத்தில் எந்த யன்னலோரம் இருந்தால் என்னென்ன தெரியும் என்று ஊருக்கே வகுப்பு எடுத்தவர் அவர்தான்!

சும்மா இல்லை, அனுபவம் இருக்கிறது. இருபத்தாறு வருஷம் நெடுந்தீவு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். குறிகட்டுவான் துறையில் படகு ஏறும்போதே காற்றை மணந்து பார்த்து, இன்றைக்கு எந்தப் பக்கம் தண்ணீர் தெறிக்கும் என்று சொல்லிவிடுவார். அவர் இருக்கிற பக்கம்தான் கந்தோர் ஆட்கள் எல்லாரும் இருப்பார்கள். கடைசியில் ஒரு வேதவாக்கு: "நடுவிலை, இஞ்சினுக்குப் பக்கத்திலை இருங்கோ. ஆட்டமும் இல்லை, வயித்தைப் பிரட்டிச் சத்தியும் இல்லை."

மகன் அனோஜன் பிரான்சில். அகதி விசா, ஊருக்கு வர ஏலாது. அவன் அனுப்பிய காசில்தான் ஆறு அறையோடு மாடிவீடு எழும்பியது. குடியிருப்பவர்கள் வல்லிபுரத்தார், மனைவி சறோஜினிதேவி, மற்றது பல்லிகள். கட்டியவனோ வீட்டை நேரில் கண்டதில்லை. இணைய வரைபடத்தில் அந்தக் காணி இன்னும் பனை வடலிப் பற்றைதான்.

பதினொரு வருஷத்துக்குப் பிறகு தகப்பனும் மகனும் சென்னையில் சந்திப்பதென்று முடிவானது. அனோஜன் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்பா, பிளேனிலை வரேக்கை மேலையிருந்து வீட்டை ஒருக்கா வீடியோ எடுங்கோ. ஊருக்கை அது எப்பிடி நிக்குதெண்டு பாக்கோணும்."

"அது என்ரை பொறுப்பு!"

அடையாளத்துக்கு மொட்டைமாடியில் நீலப் பிளாஸ்டிக் படங்கு விரிக்க ஏற்பாடாயிற்று.

"நீர் படங்குக்குப் பக்கத்திலை நிண்டு கையைக் காட்டும்," என்றார் மனைவியிடம். "பெடியன் தாயையும் காணட்டும்."

"நடு மத்தியானம் மொட்டைமாடியிலையோ? என்னை வத்தல் போடப் போறியளோ?"

பலாலி விமான நிலையத்தில் அவருக்குக் கிடைத்தது இடப்பக்கம், பதினெட்டாம் வரிசை, யன்னலோரம். இடப்பக்கம் அவர் கணக்குப்படி மிகச் சரி: சோளகக் காற்றை எதிர்த்துத்தான் விமானம் கிளம்பும், ஊர் இருக்கிற தீவுகள் இடக்கைப் பக்கம் வரும். ஆனால் வால்பக்கமாம்! படகின் வாலில் இருந்து வாந்தி எடுத்தவர்கள் எத்தனை பேரைக் கண்டவர் அவர்.

அதே பக்கம் ஏழாம் வரிசை யன்னலில், இஞ்சினுக்கு நேரே, பக்கத்து ஊரான சுருவில் பெட்டை கஜாலினி இருந்தாள். கம்பஸ் மாணவி.

"பிள்ளை, எனக்கு இந்த இடத்தைத் தாரும். என்ரை வீட்டைப் படம் எடுக்கோணும்."

"ஐயா, பின்னுக்குத்தானே நல்லாத் தெரியும்?"

"நீர் எத்தினைதரம் நெடுந்தீவுக்குப் படகிலை போனனீர்?"

பாவம், அவள் எழும்பி இடத்தைக் கொடுத்துவிட்டு அவருடைய பதினெட்டாம் வரிசைக்குப் போனாள்.

விமானம் எழும்பியது. வல்லிபுரத்தார் கைத்தொலைபேசியை யன்னலில் அழுத்தினார். யன்னல் முழுக்க இஞ்சின்! கிணற்றுத்தொட்டி அளவு வெள்ளை இஞ்சின். மேலே செட்டை. கீழே எட்டிப் பார்த்தால் ஒரு சில்லு, அதுவும் உள்ளே இழுபட்டுப் போகிறது.

"ஐயோ, எங்கடை ஊர்!" என்று பின்னால் கஜாலினி கத்தினாள்.

அவர் இருக்கைப் பட்டியைக் கழற்றி எழும்பினார். பணிப்பெண் தோளில் கை வைத்து இருத்தினாள். மறுபடி எழும்பினார், மறுபடி இருத்தினாள். இருபத்தாறு வருஷம் கந்தோரையே இருத்தியவரை ஒரு சின்னப்பிள்ளை இருத்துகிறாள்! உண்மைதான், ஆட்டமும் இல்லை, சத்தியும் இல்லை. சென்னை வரைக்கும் இஞ்சினைப் பார்த்தபடி சுகமாகப் போய்ச் சேர்ந்தார்.

வெளியே அனோஜன் நிற்பான். பதினொரு வருஷத்துக்குப் பிறகு முதல் கேள்வி என்னவென்று அவருக்குத் தெரியும். பெட்டிகள் வரும் இடத்தில் மூன்று தரம் கஜாலினியைச் சுற்றி வந்தார். ஊருக்கு வகுப்பெடுத்த வாய் கடைசியில் திறந்தது.

"பிள்ளை... நீர் ஏதும் எடுத்தனீரோ?"

அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் சுட்டது. "ஓம் ஐயா, முழுக்க எடுத்தனான். நம்பரைச் சொல்லுங்கோ, வட்ஸ்அப்பிலை போடுறன்."

அனோஜன் கட்டிப்பிடித்து அழுது முடித்து, வீடியோவைப் பார்த்தான். பனைகளுக்கு நடுவில் நகக்கண் அளவு வீடு. அதன்மேல் நீலப் பொட்டு. இரண்டு விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தான். பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.

"அப்பா, இது அம்மாவோ? தண்ணித்தாங்கியோ?"

வல்லிபுரத்தார் கண்ணாடியைப் போட்டார். தாங்கியும் கறுப்புத்தான், அதே மூலையில்தான். சறோஜினிதேவி வெயிலுக்கு ஏறினாளோ, கீழே விசிறிக்குக் கீழ் படுத்தாளோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"கொம்மாதான்," என்றார். "கையைக் காட்டுறா, தெரியேல்லையே?"

புள்ளி அசையவில்லை. அனோஜன் அதற்குக் கையைக் காட்டினான்.