தடை செய்யப்பட்ட கரணம்

அன்று காலை எழுந்ததும் முதலில் போனைத்தான் எடுத்தேன். சென்னப்பா சார் தேன்கனிக்கோட்டையில் காலமானார் என்று ஆலையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். நான் அழவில்லை. அவர் வீட்டுக்குப் பேசவும் இல்லை. பீரோவைத் திறந்து, அவர் எழுதிக் கொடுத்த ஒரு தாள் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

நம் ஓசூர் ஆலையில் பல வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவரை உங்களில் பலருக்கு கேன்டீன் டிவி முன்னால்தான் ஞாபகம் இருக்கும். ஒலிம்பிக் வந்தால், சாப்பாட்டு நேரத்தில் ஒரு தாளில் கோடு கிழித்துக்கொண்டு உட்காருவார். ஒரு பக்கம் கஷ்டம், மறுபக்கம் ஆபத்து. ஒவ்வொரு விளையாட்டுக்கும் இரண்டிலும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்.

"துப்பாக்கி சுடறதுக்கு ஆபத்துல ஒண்ணுதானா? துப்பாக்கி சார் அது!" என்று பெயின்ட் ஷாப் முனிராஜ் கத்துவார்.

"எதுத்தாப்ல நீ நிக்கலையேப்பா. மூச்சை அடக்கிச் சுடணும், கஷ்டத்துல ஒம்பது. மலை இறக்கத்துல சைக்கிள் விடறான் பாரு, அவனுக்கு ஆபத்துல ஒம்பது."

"அப்ப கேரம்போர்டுக்கு ஹெல்மெட் வேணாமா சார்?"

"நீ ஆடினா போர்டுக்குத்தான் வேணும்."

ஒரு நாள் ஜிம்னாஸ்டிக்ஸில் ஒரு பெண் காற்றில் சுழன்று இறங்கியதும் நான் கைதட்டினேன். சார் என் பக்கம் திரும்பினார். "கஷ்டமாப் பண்ணா மார்க் ஏறும் மேடம். ஆனா கழுத்து முறியற மாதிரி சில கரணத்தைத் தடையே பண்ணிட்டாங்க. எவ்ளோ அழகாப் பண்ணாலும் செல்லாது."

அந்த வருடம் சிறந்த ஆபரேட்டர் விருதுக்கு மனிதவளப் பிரிவில் பட்டியல் போட்டது நான். பிரஸ் ஷாப் மாதேஷ் முதலில் இருந்தார். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. மாதேஷ் ஒரு பட்டனில் மரத்துண்டைச் செருகிவிட்டு, ஒரு கையால் அழுத்தி, மறுகையால் தகடு வைத்தார். அதனால்தான் அவ்வளவு வேகம். சார் பிடுங்கிப் போட்டாலும் அடுத்த ஷிப்டில் மரத்துண்டு திரும்பி வந்தது. மேலிருப்பவர்களுக்கு எண்ணிக்கை வேண்டியிருந்தது.

சார் இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு தாளோடு என்னிடம் வந்தார். "விருதை நிறுத்துங்க மேடம். இது தடை பண்ண கரணம். நாம கைதட்டினா நாளைக்கு எல்லாரும் பண்ணுவாங்க."

"கேன்டீன் மார்க்கையெல்லாம் ஆபீசுக்குக் கொண்டு வராதீங்க சார்" என்றேன். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். தாளை வாங்கிப் பைக்குள் வைத்தேன். அந்த வாரம் மேடையில் மாதேஷுக்குச் சால்வை போர்த்தியபோது முதலில் கைதட்டியது நான்தான்.

ஒரு மாதத்துக்குள் பிரஸில் மாட்டி மாதேஷின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

விசாரணையில் சார், "மேடம்கிட்ட எழுதிக் கொடுத்திருந்தேன்" என்றார். என்னைக் கேட்டார்கள். "அப்படி எதுவும் வரவில்லை" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். ஆபரேட்டரின் கவனக்குறைவு, பாதுகாப்பு அதிகாரியின் மேற்பார்வைக் குறைவு என்று எழுதி முடித்தார்கள். சார் வேலையை விட்டார்.

கடைசி நாளில் என் மேசைக்கு வந்தார். தாளைக் கேட்கப் போகிறார் என்று பயந்தேன். "மாதேஷ் இடது கையால சாப்பிடக் கூச்சப்படறான் மேடம். யாராவது போய்ப் பேசுங்க" என்றார். நான் போகவில்லை.

ஆலையின் மாத இதழுக்கு அவரைப் பற்றி இரண்டு பத்தி கேட்டார்கள். இதைப் போடுவார்களோ தெரியாது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தாள் மட்டும்தான். கையெழுத்துக்குக் கீழே, வழக்கம்போல, நடுவில் கோடு கிழித்து எழுதியிருக்கிறார்: கஷ்டம் ஒன்று, ஆபத்து பத்து.

ஞாயிற்றுக்கிழமை மாதேஷின் ஊரான நாகரசம்பட்டிக்குப் போய் அதை அவரிடம் கொடுக்கப்போகிறேன். விசாரணையில் நான் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட இன்னொரு தாளும் அதோடு இருக்கும். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை.