தினமும் அமாவாசை

எங்கள் தெருவில் தறிச் சத்தம் ஓயும் நாள் மாதத்தில் ஒன்றுதான், அமாவாசை. அன்றைக்கு, செத்துப்போனவர்களுக்குக் காலையில் இலை போட்டுப் படையல், மத்தியானம் சினிமா. நெசவுக்காரர்களுக்குத் தெரிந்த ஒரே லீவு அதுதான். அதனால்தான், பட்டணத்தில் ஒரு பாங்கில் பியூனாக இருந்த மாமா, அம்மாவின் தம்பி, டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கி வாரக்கணக்கில் தங்கியபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. "மாமாவுக்கு லீவு" என்றாள் அம்மா. பாங்கு உத்தியோகம் என்றால் தினமும் அமாவாசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பொறாமையாகக்கூட இருந்தது.

அந்தச் சமயம் பார்த்துக் கொட்டகைச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். முகத்தில் கறுப்புத் துணி கட்டின நாலு பேர், கையில் துப்பாக்கி, பின்னால் ஒரு பெரிய இரும்புக் கதவு. பாங்குக் கொள்ளைப் படம், அமாவாசையை ஒட்டி வருகிறதாம். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பைத்தியம் பிடித்துவிட்டது. பாங்கின் உள்ளே எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் எங்கள் வீட்டில் இருந்தார். விடுவோமா?

"மாமா, படத்துல இன்னா வரும், சொல்லு மாமா."

மாமா முதலில் பிடிகொடுக்கவில்லை. அம்மாவுக்கு ஒத்தாசையாக ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருப்பார். பழக்கமில்லாத கை, பட்டு இழை அறுந்துகொண்டே இருக்கும். எங்கள் நச்சரிப்பு தாங்காமல் ஒரு நாள் ஆரம்பித்தார்.

அப்பப்பா, என்ன கதை! இரும்பு அறைக்கு இரண்டு சாவி. ஒன்று மேனேஜரிடம், இன்னொன்று கேஷியரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஒரு நாள் காலையில் திறந்து பார்த்தால் பணப்பை ஒன்றைக் காணோம். பூட்டு உடையவில்லை, கதவில் ஒரு கீறல் கிடையாது. போலீஸ் வருகிறது. வந்து யாரைப் பிடிக்கிறது? எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்கிற பியூனை.

"அவங்கிட்டதான் சாவியே இல்லியே மாமா?"

"அதான் கண்ணு. உனக்குத் தெரியுது. அங்க ஒருத்தனும் கேக்கலியே."

"அப்ப யாருதான் எடுத்தது?"

"படம் வரட்டும். அதுல காட்டுவான்."

எப்போது கேட்டாலும் இதே பதில்தான். போகப்போக எங்களைவிட மாமாதான் அந்தப் படத்துக்காகப் பறந்தார். சாயங்காலமானால் போஸ்டர் முன்னால் போய் நின்றுவிட்டு வருவார். "பியூன் எடுக்கலன்னு கடைசில தெரிஞ்சிடும். ஜனங்கல்லாம் கை தட்டுவாங்க, நீ பாரு" என்று ஒரு நாள் சொன்னார். "சும்மா இருடா" என்று அம்மா உள்ளேயிருந்து அதட்டினாள். எட்டிப் பார்த்தால் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு சினிமாக் கதைக்கா அழுகை! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அமாவாசை வந்தது. படையல் முடிந்து தெருவே கொட்டகைக்குக் கிளம்பியது. மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, தரை டிக்கெட்டில், மணலில், என் பக்கத்தில் உட்கார்ந்தார். கார் பறந்தது, துப்பாக்கி வெடித்தது. மாமா சொன்ன கதையில் பாதிகூட அதில் இல்லை. ஆனால் பியூன் இருந்தான்! ஒல்லியாக, காக்கிச் சட்டையும் தண்ணீர்ச் செம்புமாக. நான் சந்தோஷத்தில் மாமாவின் தொடையைக் கிள்ளினேன்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் போலீஸ் அவனை நாலு சாத்து சாத்தியது. அவன் அழுதுகொண்டே உண்மையைக் கக்கினான். சாவிகளை மெழுகில் அச்செடுத்துக் கொள்ளைக்காரர்களிடம் கொடுத்தது அவன்தான்.

"உண்ட வூட்டுக்கே ரெண்டகம் பண்ணிக்கினு இருந்திருக்கான் பாரு! போடு அவன!" என்று கத்தியவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். நல்ல மனுஷர், மாமாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பவர். தெரு மொத்தமும் கை தட்டியது.

மாமா எழுந்தார். "கொஞ்சம் காத்தாட நின்னுட்டு வரேன் கண்ணு" என்றார். கதை தெரிந்தவர், மிச்சத்தையும் உட்கார்ந்து பார்ப்பானேன் என்று நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. படம் விட்டு வீட்டுக்கு வந்தால் டிரங்குப் பெட்டி இருந்தது. மாமா இல்லை.

மறுநாள் தெருவெல்லாம் தறி ஓடியது, எங்கள் வீட்டில் ஓடவில்லை. அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் ரயிலடி, குளக்கரை என்று அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். "மாமாவுக்கு லீவு முடிஞ்சிடுச்சாம்மா?" என்று கேட்டேன். அடிக்க ஓங்கின கையை அம்மா தன் வாயில் வைத்துக்கொண்டு கதறினாள். எனக்கோ மாமாமேல் கோபம். யார் எடுத்தது என்று சொல்லாமலே போய்விட்டாரே மனுஷன்!

வயசு வந்தபிறகுதான் எல்லாம் சொன்னார்கள். அந்தப் பாங்கில் நிஜமாகவே பணப்பை காணாமல் போனதை, மாமாவை வேலையைவிட்டு நிறுத்தியதை, ஸ்டேஷனில் வைத்து அடித்ததை. யார் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது. மாமாவும் வரவில்லை. பாவி ஜனங்கள் நாங்கள், கை தட்டினோம்.

ஆனால் அதெல்லாம் தெரிவதற்கு முன்னால், அடுத்து வந்த ஆடி அமாவாசைக்கு வீட்டில் இலை போட்டுப் படைத்துக்கொண்டிருந்தோம். படையலுக்கு வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, அம்மாவின் தோளைத் தொட்டு மெதுவாக, "உன் தம்பிக்கும் ஒரு இலை போட்டுடும்மா" என்றாள்.

அம்மா நிமிரவில்லை. "அவனுக்கு இன்னாத்துக்கு? அவன் லீவுல இருக்கான்."

அப்பாடா, மாமாவுக்கு இன்னும் லீவு முடியவில்லை என்று நான் நிம்மதியாக வடையைக் கடித்தேன்.