ஸ்டெல்லா பேருக்கு நேரே ஒரு வார்த்தை

பழைய இங்கிலீஷை டைப் அடிச்சுப் பிழைக்கிறவளை இந்த ஊரில் யாரும் முழுசா நம்புறது கிடையாது. திருச்சி பாலக்கரையில், மாதா கோயில் தெருமுனையில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். கல்யாண ஃபாரம்தான் அதிகம் வரும். கல்யாணமாகாத ஆணுக்கு ‘பேச்சலர்’, கல்யாணமாகாத பொண்ணுக்கு ‘ஸ்பின்ஸ்டர்’. எந்தக் காலத்து வெள்ளைக்காரன் வச்சானோ, சில ஃபாரத்தில் இன்னிக்கும் அதேதான். ஊருக்கெல்லாம் ஃபாரம் நிரப்பிக் கொடுத்துத் திட்டு வாங்கிக் கட்டிக்கிற புண்ணியவான்களே, இந்த ஒரு வார்த்தையால நான் பட்ட பாட்டைக் கேளுங்க.

நூல் நூற்கிற பொண்ணு

ஸ்ரீரங்கத்திலிருந்து ரிட்டையர்டு மாமா ஒருத்தர் மகள் கல்யாணத்தைப் பதிய வந்தார். நல்லா படிச்சவர். ‘ஸ்பின்’னா நூல் நூற்கிறதுன்னு தெரிஞ்சவர். மகள் பேருக்கு நேரே ‘ஸ்பின்ஸ்டர்’னு பார்த்ததும் வந்தது வினை.

“மாமா, அந்தக் காலத்துல அவங்க ஊர்ல கல்யாணமாகாத பொண்ணுங்க நூல் நூத்துப் பிழைச்சாங்களாம். அதுலேருந்து வந்த பேரு. இங்க கல்யாணமாகாதவங்கன்னுதான் அர்த்தம்”னேன். நம்பினாரா? ஃபாரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிச்சார். அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எங்காத்துல ராட்டையே கிடையாதும்மா. பெருமாள் சத்தியமா குழந்தை கம்ப்யூட்டர்லதான் வேலை பாக்கறா. யார் சொல்லி இப்படி அடிக்கறே?”

ரெண்டு ஓலை ஆச்சு

எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஏதாவது தடை தெரிஞ்சா வந்து சொல்லுங்கன்னு அறிவிப்பு. சந்தேகப்பட ஊரையே கூப்பிடுற வழக்கம்! ஸ்டெல்லாவுக்கும் அந்தோணிக்கும் ரெண்டு ஓலை ஆயிருந்தது. ஸ்டெல்லா நர்ஸ், வயசு முப்பத்தொண்ணு. தம்பிங்களைப் படிக்க வச்சு ஆளாக்கிட்டு இப்பத்தான் தனக்குன்னு ஒரு வாழ்க்கையை நினைச்சுப் பாக்குறா. அந்தோணிக்கு வெளிநாட்டுல வேலை, அதனால ஃபாரம் இங்கிலீஷ்ல. அதை வாங்கிட்டுப் போக வந்தவங்க அவன் அம்மா மரியபுஷ்பம்.

அந்தம்மா ஒவ்வொரு வார்த்தையா செல்போன்ல தட்டிப் பார்த்தாங்க. ஸ்டெல்லா பேருக்கு நேரே இருந்ததுக்கு ‘முதிர்கன்னி’ன்னு காட்டிருச்சு. போச்சுடா! பொண்ணு வீட்டுல வயசை மறைச்சுட்டாங்கன்னு ஒரே பிடி. “அம்மா, பேச்சுல சொன்னாத்தான் அது குத்திக் காட்டுற வார்த்தை. ஃபாரத்துல பதினெட்டு வயசுப் பொண்ணுக்கும் இதேதான்”னு தலைகீழா நின்னேன். கேட்டாத்தானே! கடைசியில ஃபாரத்துக்காக ஸ்டெல்லா குடுத்திருந்த ஞானஸ்நான சர்டிபிகேட்டை எடுத்து முன்னாடி வச்சேன், பிறந்த தேதி பளிச்சுன்னு இருந்தது. அதை ஓரமாத் தள்ளிட்டு அந்தம்மா கேட்டாங்க: “இதுவும் உங்க கடை ஜெராக்ஸ்தானே?”

சனிக்கிழமை சாயங்காலம்

மூணாவது ஓலைக்கு முதல் நாள், மரியபுஷ்பம் அம்மா லீவுல வந்திருந்த மகனைக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. அந்த வார்த்தையை எடுக்கலைன்னா நாளைக்குப் பூசையில் எழுந்து நின்னு தடை சொல்லுவேன்னு மிரட்டல். அதை எடுத்தா ஃபாரத்தைக் கோயில்ல வாங்க மாட்டாங்க. அந்தோணி வாசல்ல நின்னு செருப்பைப் பாத்துக்கிட்டிருந்தான். நான் அடிச்ச ஒரு வார்த்தையால ஒரு பொண்ணோட கல்யாணம் நிக்கப் போகுதேன்னு ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். ட்யூட்டி முடிஞ்சு அப்படியே வந்தா. ஃபாரத்தை மேலேருந்து கீழே வரை நிதானமாப் படிச்சா. அழுவான்னு நினைச்சேன், அழலை.

“அத்தை, இவருக்கு நாப்பது ஆகப் போகுது. இவர் பேருக்கு நேரா இருக்கிறதைச் செல்லுல தட்டிப் பாத்தீங்களா?”ன்னு கேட்டா.

“ஆம்பளைக்கு எதுக்குப் பாக்கணும்?”னு சட்டுன்னு வந்துருச்சு அந்தம்மா வாயில. ஸ்டெல்லா பேனாவை எடுத்து அந்தோணி கையில குடுத்தா. “நீங்க சொல்லுங்க, நாளைக்கு ஓலை வாசிக்கலாமா வேண்டாமா? எனக்குப் பதில் தெரியணும்.” அம்மா முகத்தை அவன் பாக்கலை. ஃபாரத்துல கையெழுத்துப் போட்டான்.

ஸ்டெல்லாவும் அவனும் வெளியே போன பிறகு மரியபுஷ்பம் அம்மா மட்டும் திரும்பி வந்தாங்க. யாராவது கேக்குறாங்களான்னு சுத்தும் முத்தும் பாத்துட்டு, குரலைத் தாழ்த்தி என்கிட்ட கேட்டாங்க: “ஏம்மா, அந்த பேச்சலர்ங்கிறதுக்கு நெசமாவே வேற அர்த்தம் ஒண்ணும் இல்லியே?”

மூணாவது ஓலைக்கு யாரும் எழுந்து நிக்கலை. ஆனா ஆம்பளை பேருக்கு நேரே இருக்கிற வார்த்தைக்கு அர்த்தம் தேடவே ஒரு பொண்ணு வந்து வாயைத் திறக்க வேண்டியிருக்கு இந்த ஊர்ல.