அவர் எண் இருந்த வழிகாட்டி

டயாலிசிஸ் நிலையங்களில் எந்த நோயாளிக்கு எந்த நாள், எந்த நாற்காலி என்று பட்டியல் போட என் கணவர் ஒரு மென்பொருள் எழுதினார். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம். எங்கள் பக்கத்து ஊர்களான மூவாரிலும் பாலோவிலும் சில நிலையங்கள் அதை நம்பித்தான் ஓடின. அதற்கு அவர் எழுதிய வழிகாட்டி நாலே பக்கம். சிக்கலான இடம் எது வந்தாலும் ஒரே வரிதான்: எனக்குப் போன் பண்ணுங்கள். பக்கத்திலேயே எண். மனிதருக்குப் பேச அவ்வளவு ஆசை. எழுதச் சொன்னால் மட்டும் உடம்பு வளையாது.

அவர் இறந்த பிறகும் அந்தப் போன் அடித்தது. நான் சார்ஜ் போட்டே வைத்திருந்தேன். அவர் போனில் விளக்குவதைக் கேட்டுக் கேட்டே எனக்கும் அந்த மென்பொருள் அத்துப்படி.

“அண்ணன் இருக்காங்களா?”

“தவறிட்டாரு. ரெண்டு மாசம் ஆச்சு. உங்க ஸ்கிரீன்ல இப்ப என்ன தெரியுது, சொல்லுங்க.”

“அலமாக், ஐயோ!” என்று எதிர்முனையில் குரல் உடையும். எனக்கு ஒன்றும் ஆகாது. ஊசி போட்டு மரத்த பல் மாதிரி இருந்தேன். ஆனால் அவர் குளிக்கப் போயிருப்பதுபோல அவர்கள் கேட்பது எனக்கு வேண்டியிருந்தது. ஒழுங்கான வழிகாட்டி எழுதினால் போன் நின்றுவிடும். தெரிந்தேதான் எழுதாமல் இழுத்தடித்தேன்.

ஒரு சனிக்கிழமை பாலோவில் கணினி படுத்துவிட்டது. நான் உலு திராம் தொழிற்சாலையில் வேலையில் இருந்தேன். அவர் போனுக்கு வந்த பதினோரு அழைப்புகளையும் பார்க்கவில்லை. பட்டியல் இல்லாத குழப்பத்தில் ஒரு பெரியவரை டயாலிசிஸ் செய்யாமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மூச்சு முட்டி அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. அன்றிரவே வழிகாட்டியை எழுத உட்கார்ந்தேன்.

எந்த வேலையை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்லும் வேலைமுறைத் தாள் எழுதுவதுதான் தொழிற்சாலையில் என் வேலை. தாளைப் புது ஆளிடம் கொடுத்துவிட்டு, பின்னால் வாயைத் திறக்காமல் நிற்போம். அவர் கை எங்கே நிற்கிறதோ அங்கே தாள்தான் தப்பு, ஆள் இல்லை. பாலோவில் புதிதாகச் சேர்ந்த நர்ஸிடம் மென்பொருள் ஏற்றாத வெறும் கணினியையும் நான் எழுதியதையும் கொடுத்துவிட்டு அப்படியே நின்றேன்.

“அக்கா, பழைய பட்டியல் எங்க இருக்கு?”

பதில் சொல்லாமல் குறித்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் அந்த இடத்தைத் திருத்தி எழுதினேன். மூன்றாவது வாரம் அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமலே முடித்தாள்.

“சுலபமா இருக்கு லா அக்கா. யாரையும் கூப்பிடவே வேணாம்.”

அன்று மாலை அவர் எண் இருந்த வரிகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, புதிய வழிகாட்டியை இணையத்தில் ஏற்றினேன்.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். அவர் இருக்கிறாரா என்று இப்போது யாரும் கேட்பதில்லை.