உறைபனியில் பிழைத்த நாற்றுகள்

"குழாயில தண்ணி வரமாட்டேங்கும்மா. உள்ள ஐஸ் கட்டிருக்கு."

பம்ப் ஆபரேட்டர் செல்வின் அண்ணாச்சி இப்படிச் சொன்னபோது ஊட்டியில் விடிந்துகொண்டிருந்தது. அவர் சாத்தான்குளத்துக்காரர், நான் சீவலப்பேரி; இரண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கம். தோட்டக்கலை படித்துவிட்டு, ஊட்டியில் ஒரு பூங்காவில் நர்சரிப் பொறுப்பில் சேர்ந்திருந்தேன். எனக்கு அதுதான் முதல் குளிர்காலம். ஊரில் மார்கழிப் பனி பார்த்தவளுக்கு உறைபனி புதுசு. புல்தரை முழுக்க உப்பைக் கொட்டியதுபோல் வெள்ளை. கோடைக்காக வளர்த்த பூ நாற்றுகள், மேலே போட்ட தழையையும் மீறி விறைத்து நின்றன.

வெயில் பட்டால் இலை கருகிவிடும். அதற்குள் ஸ்பிரிங்க்ளர் ஓட்டிப் பனியைக் கழுவ வேண்டும். மேலாளருக்குப் போன் போட்டேன்.

"அந்த பேட்ச் போச்சுன்னு நினைச்சுக்கங்க. மறுபடி விதைச்சுக்கலாம்" என்றார்.

மறுபடி விதைத்தால் கோடைக்குள் பூக்காது. எனக்கு மனசு ஒப்பவில்லை.

"அண்ணாச்சி, தொட்டியில தண்ணி இருக்கா?"

"மேல பாலாடை மாதிரி ஐஸ் கட்டிருக்கு. ஒடைச்சா அடியில கெடக்கும்."

"அப்ப நாங்க பூவாளியில ஊத்துதோம். நீங்க வெந்நி போட்டுக் குழாய் மேல ஊத்துங்க."

களையெடுக்க வந்திருந்த பெண்களிடம் சொன்னேன். "கை மரத்துப் போகும் மேடம்" என்ற ராணியக்காதான் முதல் பூவாளியைத் தூக்கினார். வரிசைப்படி போகவில்லை. வெயில் முதலில் விழும் கிழக்குப் பாத்தியில் தொடங்கினோம். விரல்கள் எனக்குச் சொந்தமில்லாதவைபோல் இருந்தன. பாதி முடிந்தபோது ஸ்பிரிங்க்ளர் இருமிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. வெயில் வந்தபோது இலைகளில் வெறும் ஈரம்தான்.

ஓரத்து வரிசை மட்டும் கருகியது. மேலாளர் வந்து பார்த்தார். "யாரு இதச் செஞ்சது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார்: "எங்க ஊர்ப் புள்ள, சார்."

இப்போது திருநெல்வேலியில் வேலை பார்க்கிறேன். இங்கே உறைபனி இல்லை, வெயிலும் வெள்ளமும் உண்டு. புதிதாகச் சேர்கிறவர்களிடம் ஒன்றுதான் சொல்வேன்: போனதை எண்ணாதீர்கள், அடுத்து எது போகுமோ அங்கே முதலில் கை வையுங்கள்.

அந்தக் கோடையில் அம்மா ஊட்டிக்கு வந்தாள். பாத்திகள் நிறையப் பூ. போட்டோ எடுக்க நெருங்கிய கூட்டத்திடம், யாரென்றே தெரியாதவர்களிடம், சொல்லிக்கொண்டிருந்தாள்:

"பைய, தள்ளி நில்லுங்க. எம்மவ பொழைக்க வச்ச செடி."