சைரன் அக்கா கப்பலேறினாள்

என் அக்காவுக்கு எங்கள் குடும்பத்தில் ‘சைரன்’ என்று பெயர். வைத்தவள் நான்தான், அதில் எனக்கு வெட்கமில்லை. அவள் பிள்ளைகளில் ஒன்று தும்மினால் போதும், வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் குரல் கிளம்பிவிடும். “என்னாச்சு? யாரு? எங்க அடிபட்டுச்சு?” பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட ஒரு கணம் தங்கள் பிள்ளைகளைத் தேடிப் பார்த்துக்கொள்வார்கள்.

இத்தனைக்கும் அவள் பயந்தாங்கொள்ளியாகப் பிறந்தவள் இல்லை. நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது ஒருநாள் சுவரில் இருந்த மின்பெட்டி புகைந்து வெடித்தது. நாங்கள் எல்லோரும் வாசலுக்கு ஓட, மெயின் சுவிட்சை அணைக்க உள்ளே போனவள் அவள். பிறகு நர்ஸ் ஆனாள். குழந்தைகள் ஆஸ்பத்திரியில், அதுவும் அவசரப் பிரிவில். பேட்டரியை விழுங்கிய பிள்ளை, கொதிக்கிற தண்ணீரை இழுத்துத் தன்மேல் கொட்டிக்கொண்ட பிள்ளை, ஜன்னலோரம் கிடந்த ஸ்டூலில் ஏறிய பிள்ளை என்று பார்க்கக்கூடாததையெல்லாம் பார்த்தாள். ஊரார் பிள்ளையாக இருந்தவரை அது வேலை. சீருடையைக் கழற்றினால் மறந்துவிடும்.

தன் வயிற்றில் ஒன்று தங்கியதும் அத்தனையும் திரும்பி வந்து அவள் வீட்டிலேயே குடியேறிவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அக்காவின் கண்ணுக்குப் பட்டப்பகலில் பளபளவென்று இருப்பதும் பேய்தான். திராட்சையை நான்காக வெட்டாமல் தட்டில் வைக்க மாட்டாள். டீயைச் சமையலறையிலேயே நின்றபடி குடித்து முடித்துவிடுவாள். வேலை முடிந்து வரும் மாமா, அதாவது அவள் கணவர், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் சட்டைப்பையில் இருக்கும் சில்லறையைக் கொடுத்துவிட வேண்டும். மாமா பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். தங்கமான மனுஷன், கொடுத்துவிடுவார்.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவளுக்கு ஐந்து நிறையவில்லை. ஒரு இடத்தில் இருக்க மாட்டாள் என்பதால் அவளுக்கு ‘வாலு’ என்று பேர். சின்னவன் நடக்கத் தொடங்கி நான்கைந்து மாதம். அவன் ‘உருண்டை’. நடப்பதைவிட உருளுவது அதிகம்.

நான் பார்ப்பது இதற்கு நேர் எதிரான தொழில். ஒரு சுற்றுலா நிறுவனத்தில் உட்கார்ந்து கப்பல் பயணம் விற்கிறேன். “சின்னப் பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டுக் கப்பல்ல போலாமாங்க?” என்று கேட்காத குடும்பமே கிடையாது. என்னிடம் பதில் தயாராக இருக்கும். “தாராளமா போலாம். பெட்டிய ஒரே ஒரு தடவ பிரிச்சாப் போதும். சமைக்க வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம், பிள்ளைங்க விளையாடத் தனி அறையே இருக்கு.” சொல்லும்போது என் முகத்தில் சந்தேகத்தின் சாயலே தெரியாது. எனக்குப் பிள்ளைகள் இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்கென்று நிறுவனம் கப்பல் கட்டணத்தில் ஒரு சலுகை கொடுத்தது. அக்காவிடம் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, “பால்கனிக் கம்பி எவ்வளவு ஒசரம்?”

“உன் நெஞ்சுக்கு வரும். கீழ பூரா கண்ணாடி. எலிகூட நுழைய முடியாது.”

“பக்கத்துல நாற்காலி போட்டிருப்பாங்களா?”

“அக்கா, அது பால்கனி. நாற்காலி போடாம கட்டிலா போடுவாங்க?”

“அப்ப வேண்டாம்.”

மாமாதான் அவளைக் கரைத்தார். வாயே திறக்காத மனுஷன் அன்றைக்குத் திறந்தார். “ஊர்ல உள்ள பிள்ளைங்களையெல்லாம் ஏத்தி எறக்குறேன். என் பிள்ளைங்கள ஒரு தடவையாவது எங்கயாச்சும் கூட்டிட்டுப் போகணும்னு எனக்கும் ஆச இருக்காதா?” அக்கா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

கப்பலில் ஏறியதும் எல்லோரும் நீச்சல் குளத்தைப் பார்க்க ஓடினார்கள். அக்கா அறைக்குள் புகுந்து கதவுகளைப் பார்த்தாள். கப்பல் கதவுகள் கனமானவை, காற்றில் அறைந்து சாத்திக்கொள்ளும். குளியலறைக் கதவின் விளிம்பில் துண்டைச் சுருட்டி டேப் போட்டு ஒட்டினாள். பால்கனி நாற்காலிகள் இரண்டையும் உள்ளே இழுத்து மூலையில் அடுக்கினாள். பால்கனிக்குப் போகும் இழுவைக் கண்ணாடிக் கதவை மூடி, உயரத்தில் இருந்த கொக்கியை மாட்டினாள். “இந்தக் கதவு எப்பவும் மூடியே இருக்கணும். தெறந்து கெடந்தா அம்மாவுக்கு உசுரே போயிடும், தெரிஞ்சுதா?” என்று வாலுவிடம் சொன்னாள். வாலு பெரிய மனுஷியைப் போலத் தலையாட்டினாள்.

நான் வாயால் விற்ற கப்பலை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். டயப்பர் கட்டிய பிள்ளைக்குக் குளத்தில் அனுமதி இல்லை. உருண்டை குளக்கரையில் நின்று கப்பலே அதிர அழுதான். விளையாட்டு அறையில் வாலுவை மட்டும்தான் சேர்த்துக்கொண்டார்கள். அவள் உள்ளே சறுக்கி விளையாட, அக்கா வெளியே கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு கண்கொத்திப் பாம்பாக நின்றாள். திரும்பும் வழியில் வாலு நடைபாதைக் கம்பளத்தில் தடுக்கி விழுந்தாள். சிரித்துக்கொண்டே எழுந்திருக்கப் போனவள், அக்கா போட்ட கூச்சலில் பதறிப்போய் ஓவென்று அழுதுவிட்டாள். வரிசையாக நான்கைந்து அறைக் கதவுகள் திறந்து எங்களைப் பார்த்தன. எனக்கு மானம் போயிற்று.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். “கொஞ்ச நேரம் மேல வா. காத்து வாங்கலாம். ஒன் மூஞ்சியப் பாத்தா எனக்கே காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு.”

“போயிட்டு வா. நான் பாத்துக்கறேன்,” என்றார் மாமா.

எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசிக்கிற அக்கா ஒன்றை யோசிக்கவில்லை. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவருக்குக் காலையில் ஒரு ஓட்டம், சாயங்காலம் ஒரு ஓட்டம். நடுவில் சாப்பிட்டுவிட்டு, காலியான பஸ்ஸின் கடைசி சீட்டில் படுத்துத் தூங்குவார். வருஷக்கணக்கான பழக்கம். நடுக்கடலானாலும் அந்த நேரத்துக்கு அந்த உடம்பு தூங்கிவிடும்.

மேல்தளத்தில் அக்கா சாய்வு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கடலின் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாங்கி வந்த ஐஸ்கிரீம் அவள் கையிலேயே உருகி முழங்கை வரை வழிந்தது. “போதும்டி, எறங்கலாம்” என்று எழுந்துவிட்டாள்.

அறைக் கதவைத் திறந்ததும் காற்று முகத்தில் அடித்தது. இழுவைக் கதவு பாதி திறந்திருந்தது. திரைச்சீலை அறைக்குள் பறந்துகொண்டிருந்தது. கட்டிலில் மாமா வாயைப் பிளந்து தூங்கினார். அவர் மார்பில் உருண்டை தூங்கினான். வாலு இல்லை.

வெளியே, பால்கனிக் கம்பியை ஒட்டி ஒரு நாற்காலி. அதன் கீழே வாலுவின் ஒற்றைச் செருப்பு. கதவின் விளிம்பில், ஒரு சின்னக் கை எட்டுகிற உயரத்தில், ரத்தம் தீற்றியிருந்தது.

அக்கா கத்தவில்லை. நான் பயந்ததே அதனால்தான். தும்மலுக்கெல்லாம் அலறுகிறவள் ஒரு சத்தமும் இல்லாமல் அந்த நாற்காலியைப் பார்த்தபடி நின்றாள். நான் கம்பியருகே போய்க் கீழே குனிந்தேன். அவ்வளவு ஆழத்தில் தண்ணீர் வெள்ளையாக நுரைத்துப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. வாலு போட்டிருந்த சிவப்பு கவுன் எங்காவது தெரிகிறதா என்று தேடினேன். தெரிந்துவிடக் கூடாதே என்றும் வேண்டிக்கொண்டேன்.

பிறகுதான் அக்காவுக்குக் குரல் வந்தது. குளியலறை, கட்டிலுக்கு அடியில், திரைச்சீலைக்குப் பின்னால் என்று பிள்ளையின் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே புரட்டினாள். அலமாரியைத் திறந்தாள். அடுக்கி வைத்த லைஃப் ஜாக்கெட்டுகள்தான் இருந்தன. திறந்தபடியே விட்டுவிட்டு நடைபாதைக்கு ஓடினாள். மாமா விழித்து, என்ன ஏது என்று புரிவதற்குள் முகமெல்லாம் வெளிறிப்போனார். “நான்தான் நாற்காலிய வெளிய போட்டேன். கொஞ்ச நேரம் மூணு பேரும் கடல் பாத்தோம். சின்னவன் தூங்கிட்டான், உள்ள வந்து படுத்தேன். பெரியவ டிவி பாத்துக்கிட்டிருந்தா. கண்ணு எப்ப மூடுச்சுன்னே தெரியல.” தலையில் அடித்துக்கொண்டார்.

நான் அறையிலிருந்த போனில் கப்பல் அலுவலகத்துக்குச் சொன்ன சில நிமிடங்களில் ஒரு பெண் அதிகாரி வந்தார். வாலுவின் பேர், வயது, உடுப்பின் நிறம் எல்லாம் மேலே ஒலிபெருக்கியில் கேட்டது. கப்பல் முழுக்க முன்பின் தெரியாதவர்கள் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தார்கள். அப்போது கால்களின் கீழே இருந்த அதிர்வு குறைந்தது. கப்பல் வேகத்தைக் குறைக்கிறது. கடலில் தேட வேண்டியிருக்கும் என்று அவர்களும் நினைக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அக்காவுக்கும் புரிந்துவிட்டது. அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் நர்ஸுங்க. தண்ணிக்குள்ள விழுந்த பிள்ளைங்களக் கொண்டாந்து எங்ககிட்டதான் குடுப்பாங்க. எவ்வளவு நேரம் தாங்கும்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியுமே!” நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது.

“கப்பலப் பத்தி மேல இருக்கவங்க பாத்துக்குவாங்க. நாம உங்க அறைய இன்னொரு தடவ பாக்கணும்,” என்றார் அதிகாரி.

“அறையில இல்லன்னு சொல்றேன்ல!” என்று சீறினாள் அக்கா.

“இருக்கட்டும்மா. எங்க முறை அதுதான். ஒவ்வொரு பொருளா வெளிய எடுத்துப் பாக்கணும்.”

மாமா மறுபேச்சில்லாமல் தரையில் மண்டியிட்டார். அலமாரியின் அடித்தட்டில் இருந்த ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக உருவினார். கடைசி ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தபோது அது வர மறுத்தது. உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வாலு ஒற்றைச் செருப்போடு, முழங்காலை நெஞ்சோடு ஒட்டி, சுவரோரமாகச் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். அக்காவின் இரவு உடுப்பு ஒன்று அவள் இடது கையில் பந்து போலச் சுற்றியிருந்தது. சத்தம் வரக்கூடாதென்று கவுன் கழுத்தை வாயில் திணித்துக் கடித்திருந்தாள். அது எச்சிலும் கண்ணீருமாக நனைந்திருந்தது.

போன உயிர் எங்களுக்குத் திரும்பி வந்தது. மாமா அவளைத் தூக்கி அக்காவின் மடியில் போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து விம்மி விம்மி அழுதார். அதிகாரி கையில் இருந்த கருவியில் எதையோ சொன்னார். கப்பல் வேகமெடுத்து, கால்களின் கீழே தரை மறுபடி அதிர ஆரம்பித்தது. டாக்டரை அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அவர் போனார்.

“ஏன்டி, நான் கத்துனது கேக்கலையா?” என்றாள் அக்கா.

“கேட்டுச்சு.”

“அப்புறம் ஏன்டி வெளிய வரல?”

“கதவு தெறந்திருந்துச்சும்மா. நீ பாத்தா பயப்படுவியேன்னு மூடுனேன். வெரலு மாட்டிக்கிச்சு. ரத்தமா வந்துச்சு.” தேம்பிக்கொண்டே சொன்னாள். “அதப் பாத்தா நீ இன்னும் பயப்படுவ இல்ல? அதான், ரத்தம் நின்னதும் வரலாம்னு உள்ள போனேன். அப்புறம் நீ கத்துன. அப்புறம் எல்லாரும் கத்துனாங்க.”

அக்கா தரையில் உட்கார்ந்தபடியே அந்தத் துணியை மெல்லப் பிரித்தாள். மோதிர விரல் இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. நகம் கறுத்து, பாதி பெயர்ந்து நின்றது.

அவள் வார்டில் எப்படிப் பேசுவாள் என்று நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். தணிந்த, அவசரமில்லாத குரல். “வெரல மடக்கு பாப்போம். நீட்டு. அவ்வளவுதான். எலும்புக்கு ஒண்ணும் ஆயிருக்காது. நகம் விழும், புதுசா மொளைக்கும்.” குரல் அப்படி இருந்தது. கண்ணீர் மட்டும் அவள் பேச்சைக் கேட்காமல் தாடையில் இறங்கி, பிள்ளையின் கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“வலிக்குதாடி?”

வாலு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள், நடுங்குகிற உதட்டைப் பார்த்தாள். பார்த்து முடித்துவிட்டு, “இல்ல,” என்றாள்.

அக்காவின் முகம் மாறியது. கடலுக்கும் கம்பிக்கும் நாற்காலிக்கும் பயந்தவள், பிள்ளை தன்னிடம் வலியை மறைக்கும் என்று பயந்ததே இல்லை. “வலிச்சா சொல்லலாம்டி கண்ணு,” என்றாள். “அம்மா பயப்பட மாட்டேன். சத்தியமா பயப்பட மாட்டேன்.”

வாலு நல்ல கையால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

“நீ மொதல்ல அழுது முடிம்மா. அப்புறமா சொல்றேன்.”