பன்னிரண்டாவது வட்டம்

பங்குனியில் எங்கள் ஏரிக்குப் பறவை பார்க்க வருபவர்கள் குறைவு. மார்கழியிலும் தையிலும் யார் வந்தாலும் எதையாவது பார்த்துவிட்டுப் போகலாம். தண்ணீர் கரை வரை நிற்கும், வாத்துகள் கூட்டம் கூட்டமாக மிதக்கும். பங்குனியில் தண்ணீர் நடுப்பள்ளத்துக்குச் சுருங்கிவிடும். ஓரமெல்லாம் வெடித்த சேறு. நேற்று இருந்த ஊசிவால் வாத்துகள் இன்று இருக்காது. எனக்கு அந்த மாதம்தான் பிடிக்கும். என் நோட்டில் மூன்று பத்திகள் போட்டு வைத்திருப்பேன்: கிளம்பியவை, இன்னும் கிளம்பாதவை, இங்கேயே கூடு கட்டுபவை. வாரம் போகப் போக இரண்டாவது பத்தியிலிருந்து முதல் பத்திக்கு ஒவ்வொன்றாக மாற்றி எழுதுவேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார் உதிரி பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். வேலை எட்டரைக்கு. தங்கியிருக்கும் அறையிலிருந்து ஏரி ஸ்கூட்டரில் பத்து நிமிடம். வனத்துறை பலகையும் கம்பிவேலியும் பார்வைக் கோபுரமும் உள்ள சின்னச் சரணாலயம் அது. கோபுரத்தில் ஏறி நின்றால் ஒரு பக்கம் நாரைகள், மறுபக்கம் புகைபோக்கிகள். காலையில் வருபவர்களில் பாதிப் பேர் நடைப்பயிற்சிக்காரர்கள். பறவைகளை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

கேட்டில் டிக்கெட் கொடுக்கும் அக்கா என்னைப் பார்த்ததும் கேட்பார், "இன்னா மேடம், எல்லாம் ஆஜரா?"

"ஊசிவால் ரெண்டு குறையுதுக்கா."

"மெமோ குட்த்துடு."

அந்தச் சனிக்கிழமை மதகுக்கு அருகே ஆட்காட்டிக் குருவியின் முட்டைகளைப் பார்த்தேன். ஆட்காட்டி கூடு என்று எதையும் கட்டாது. வெட்டவெளித் தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே கையகலக் குழியில் முட்டையிடும். நான்கு முட்டைகள், மண் நிறத்தில் கரும்புள்ளிகளோடு, கூர்முனைகள் உள்பக்கம் பார்க்கக் கிடந்தன. இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தும் கல் எது முட்டை எது என்று தெரியவில்லை. தாய்ப்பறவை தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. ஒருமுறை என் காதை உரசிக்கொண்டு போனது.

எனக்குக் கவலையாகிவிட்டது. நடைப்பயிற்சிக்காரர்கள் கரையைச் சுற்றி வராமல் குறுக்கே நடப்பது அந்த வழியில்தான். யாராவது போனில் பேசிக்கொண்டே மிதித்துவிட்டுப் போவார்கள், மிதித்தது தெரியக்கூடத் தெரியாது.

எங்கள் ஆலைத் தரையில், தொடக்கூடாத எதைச் சுற்றியும் ஒரு கோடு இருக்கும். கோட்டைப் பார்த்தால் எல்லாரும் ஒதுங்கிப் போவார்கள். கோபுரத்தின் அடியில் ஒரு சுண்ணாம்புத்தூள் மூட்டை பிரித்து வைக்கப்பட்டிருந்தது. முன்பு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தபோது வரிசையில் நிற்பதற்குக் கோடு போட்டிருந்தார்கள், அதில் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பிளாஸ்டிக் மக்கில் அள்ளி வந்து முட்டைகளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். நல்ல வட்டம். கயிறு கட்டி அளந்து போட்டது.

கிளம்பும்போது அக்கா டீ வாங்கப் போயிருந்தார். மணி எட்டைத் தாண்டிவிட்டது. அவரிடம் சொல்லாமல் வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வழக்கம்போல ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தள்ளி மணவாள நகரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு காலை ஏழரைக்கு அக்காவிடமிருந்து போன். பின்னால் மேளச் சத்தம்.

"மேடம், நேத்து மதகாண்ட சுண்ணாம்பு போட்டது நீயா?"

"ஆமாக்கா. முட்டை இருக்கு, யாரும் மிதிக்கக் கூடாதுன்னு..."

"அட ராமா. அது மண்ணு எடுக்கறதுக்கு போடுற மார்க்கு."

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. கோடையில் ஏரி வற்றியதும் அங்கங்கே குழி வெட்டி, அந்த மண்ணைத் திட்டுகளாகக் குவித்து, மேலே கருவேல மரம் நடுவார்கள். மழை வந்தால் திட்டு தீவாகும், நாரைகள் கூடு கட்டும். குழி எங்கே வெட்ட வேண்டும் என்பதற்குத்தான் அந்த வாரம் முழுக்க வனவர் சுண்ணாம்பு வட்டம் போட்டிருக்கிறார். தூரத்தில் வெள்ளை வெள்ளையாக நானும் பார்த்தேன். பைனாகுலரைத் திருப்பிப் பார்க்கவில்லை. பறவை இல்லாத இடத்தை நான் பார்ப்பதில்லை.

"இன்னிக்கு ஜேசிபி வந்துக்கீது. எத்தினி வட்டம்னு டிரைவர் போன் பண்ணான். பதினொண்ணுன்னேன். இங்க பன்னெண்டு கீதேன்றான். சரி, அப்பால சேத்துருப்பாங்கன்னு அவனே சொல்லிக்கினு வெச்சிட்டான். அப்புறம்தான் எனுக்கு உன் நெனப்பு வந்துச்சு."

"நீங்க அங்க இல்லையா?"

"நாத்தனார் ஊட்டு கொழந்தைக்கு காதுகுத்து, பெரியபாளையத்துல கீறேன். அவன் இப்போ போன எடுக்க மாட்டேன்றான். கேட்டுல இன்னிக்கு புது ஆளு, அவன் நம்பரும் எங்கிட்ட இல்ல. மிஷின் சத்தத்துல கேக்காது. ஒரே பேஜாரா பூட்ச்சு மேடம்."

டிரைவரின் நம்பரை வாங்கி நானும் அடித்துப் பார்த்தேன். ஆறு முறை மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன். அம்மா தோசைக் கரண்டியோடு வந்து நின்றார்.

"இன்னாடி, கம்பெனில எதுனா ஆயிடுச்சா?"

"இல்லம்மா. முட்டை."

"முட்டைக்கா அம்மாந்தூரம் போற? தெருமுனைல விக்கிறானே."

"நாலு முட்டைம்மா, வந்து சொல்றேன்."

"நாஷ்டாவாவது துன்னுட்டுப் போ!" என்று அவர் சொன்னது கேட்டைத் தாண்டிய பிறகு கேட்டது.

பெரியபாளையம் வழியாகத்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்கு வந்த வேன்கள் சாலையின் இரண்டு பக்கமும் நின்றன. வேப்பிலைக் கட்டு விற்பவர்களும் மொட்டை போட்ட குழந்தைகளும் நடுவில் நடந்தார்கள். வழக்கமாக இப்படி மாட்டிக்கொண்டால் நான் கணக்குப் போடுவேன். அன்றும் போட்டேன். ஒரு குழிக்கு இருபது நிமிடம், ஏழு மணிக்கு ஆரம்பித்திருந்தால் இப்போது நான்காவது, மதகு பக்கத்திலிருந்து ஆரம்பித்திருந்தால் முதலாவதே. எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார் என்பது தெரியாமல் அந்தக் கணக்குக்கு அர்த்தமில்லை. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. யாராவது மிதித்துவிடலாம் என்று நேற்று பயந்தேன். மிதிக்காமலும் போயிருக்கலாம். இப்போது நானே கயிறு கட்டி அளந்து, இங்கே வெட்டு என்று காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

ஏரிக்குப் போய்ச் சேரும்போது ஒன்பதரை ஆகிவிட்டது. கேட்டில் இருந்த புது ஆள் டிக்கெட் கேட்டார். கையில் வந்த ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

ஜேசிபி சத்தம் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று புரியவில்லை. கரைமேல் ஏறியதும் குழிகள் தெரிந்தன. ஈரமண் கறுப்பாகக் குவிந்திருந்தது. மதகுக்குப் பக்கத்தில்தான் மஞ்சள் வண்டி நின்றது. வட்டம் அதற்குப் பின்னால் மறைந்திருந்தது. ஆட்காட்டி கத்திக்கொண்டிருந்தது. முட்டை இருந்தாலும் கத்தும், முட்டை போன பிறகும் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தும் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தச் சத்தத்தை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியவில்லை.

டிரைவர் வண்டி நிழலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். முப்பது வயது இருக்கும். நான் மூச்சு வாங்க வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, வாக்கிங்கா? இவ்ளோ ஸ்பீடாவா?"

"அந்த வட்டம்... வெட்டிட்டீங்களா?"

"எது, குச்சி இல்லாத வட்டமா?"

எனக்குப் புரியவில்லை. அவர் சாப்பாட்டுக் கையாலேயே காட்டினார்.

"எல்லா வட்டத்துலயும் நடுவுல ஒரு குச்சி நட்டு நம்பர் எழுதிக்கீறாங்க பாரு. இதுல குச்சி இல்ல, நம்பர் இல்ல. தோண்டிட்டு அப்பால யார் பதில் சொல்றது? பக்கெட்ட எறக்கிட்டேன், குச்சிய காணோம்னு தேடறதுக்குக் கீழ எறங்கினேன். எறங்கினா இந்தக் குருவி வந்து திட்டுது பாரு. எங்க நைனாகிட்டகூட நான் இத்தினி திட்டு வாங்கினதில்ல. சரிதான், இங்க பாம்பு கீது போலன்னு இத வுட்டுட்டு மத்தத முடிக்கப் போய்ட்டேன். இப்போதான் திரும்பி வந்து உக்காந்தேன்."

நான் வண்டியைச் சுற்றிப் போனேன். வட்டத்தின் ஒரு ஓரத்தில் சுண்ணாம்பு கலைந்திருந்தது. அங்கே பக்கெட்டின் பற்கள் அழுந்திய ஐந்து பள்ளங்கள். அதிலிருந்து என் கால் நீளத்துக்கு அப்பால், கூழாங்கற்களுக்கு நடுவே, தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்று. இரண்டு. மூன்றாவதைக் கல் என்று நினைத்துத் தாண்டி, திரும்பி வந்தேன். நான்கு.

அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா பாம்பு?"

"பாம்பு இல்ல, முட்டை. அதோ, நாலு."

நான் விரலை நீட்டிக் காட்டிய பிறகும் அவருக்குத் தெரிய நேரமாயிற்று. தெரிந்ததும் சட்டென்று ஒரு அடி பின்னால் வைத்தார். "அய்ய, நான் இங்கதான சுத்திக்கினு இருந்தேன்! செருப்ப ஒரு ஜாண் தள்ளி வெச்சிருந்தா போச்சு." பிறகு வட்டத்தைப் பார்த்தார். "இத எந்தப் புண்ணியவான் போட்டது?"

"நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார், பக்கெட்டைப் பார்த்தார். "நல்லா காப்பாத்துன போ," என்றார். பிறகு சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது.

எங்கள் ஆலையிலும் அதே விதிதான். அட்டை தொங்காத பொருளை யாரும் எடுத்துப் போகக் கூடாது, கோடு மட்டும் போதாது. வாரத்துக்கு இரண்டு பேரையாவது இதற்காகக் கண்டித்திருக்கிறேன்.

சுண்ணாம்பு வட்டத்தை இருவரும் காலால் தேய்த்து அழித்தோம். இன்னும் இரண்டு குழிகள் பாக்கி இருந்தன, இரண்டும் எதிர்க்கரையில். வண்டியை மதகு வழியாகக் கொண்டுபோகாமல் கோபுரத்துப் பக்கமாகச் சுற்றிப் போகிறேன் என்றார். நடைப்பயிற்சிக்காரர்களுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "கொஞ்சம் முள்ளு வெட்டிப் போடு, எவனும் கால் வெக்க மாட்டான்," என்று சொல்லி, வண்டியிலிருந்து கத்தியை எடுத்து அவரே கரையோரத்துச் சீமைக்கருவேலக் கிளை நான்கை வெட்டிக் கொடுத்தார். குறுக்குப் பாதை தொடங்கும் இடத்தில், முட்டைகளிலிருந்து நன்றாகத் தள்ளி, அவற்றை இழுத்துப் போட்டேன். கையில் முள் கிழித்தது பிறகுதான் தெரிந்தது.

அக்காவுக்கு போன் செய்தேன். "நாலும் இருக்குக்கா."

"நாலுமா? பவானியம்மா தாயே! இரு, இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், கேட்டுக்கினே கீறாங்க." மேளச் சத்தத்துக்கு நடுவே, "பொழச்சிக்கிச்சாம்!" என்று அவர் யாருக்கோ கத்திச் சொன்னது கேட்டது.

ஜேசிபி கிளம்பியது. நான் மதகின் மறுபக்கம் போய்ச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் எதுவும் நடக்கவில்லை. வெயிலில் முட்டைகள் வெந்துவிடுமோ என்று புதிதாக ஒரு பயம் தொடங்கியது. பிறகு ஆட்காட்டி தண்ணீர் ஓரத்தில் இறங்கியது. வயிற்றை நனைத்துக்கொண்டது. நேராக வராமல், எங்கோ போகிறதுபோல நான்கடி இந்தப் பக்கம், நான்கடி அந்தப் பக்கம் என்று ஓடி ஓடி நின்று, கடைசியில் முட்டைகளுக்கு மேலே வந்து நின்றது. ஈரம் சொட்டும் வயிற்றை மெதுவாகத் தாழ்த்தி உட்கார்ந்தது.

எதிர்க்கரையில் பக்கெட் மண்ணில் இறங்கும் சத்தம் தொடங்கியது. ஆட்காட்டி தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியது. எழுந்திருக்கவில்லை.